இரவில் விழித்திருக்கும் பட்டறை

பெக்கோக் வட்டார மக்களுக்குப் புகைவண்டி புதியதன்று. கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை இருப்புப்பாதை 1909-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அந்நாள்தொட்டு அதன் ஓசை நம் பால்மரக் காடுகளோடு கலந்தே ஒலித்து வந்திருக்கின்றது. இன்றோ அப்பழைய ஒற்றைப் பாதையின் இடத்தில் 190 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மின்சார இரட்டைப் பாதை அமைந்துவிட்டது. 2025 டிசம்பர் முதல் கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாரு வரை மின்வண்டி நேரே ஓடுகின்றது.

சென்ற பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தாயார் எழுந்து, "இத்தனை வண்டிகளையும் எங்கேயாவது வைத்துப் பழுது பார்க்கத்தானே வேண்டும், ஐயா? நம் பக்கம் ஒரு ரயில் பட்டறை வந்தால் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்காதா?" என்று வினவினார். பின்வரிசையில் அமர்ந்திருந்த பால்வெட்டுத் தொழிலாளர் ஒருவர், "வேலை கிடைக்கும், அக்கா. தூக்கம் போய்விடுமே!" என்றார். கூட்டம் சிரித்தது. எமக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இருவர் சொன்னதும் உண்மை.

பெக்கோக்கில் பட்டறை வரப்போகின்றது என்று நாம் சொல்லவில்லை. அத்தகைய செய்தி எதனையும் நாம் அறியோம். ஆயினும் அக்கேள்வி சிந்திக்கத் தக்கது.

மாணவச் செல்வங்களே, வண்டிகள் பகலில் ஓடுகின்றன. ஆகவே அவற்றைக் கழுவுவதும், தடைக்கட்டைகளை மாற்றுவதும், தேய்ந்த சக்கரங்களைக் கடைசல் எந்திரத்தில் சீவி வட்டமாக்குவதும் பெரும்பாலும் இரவில்தான் நடைபெறும். அழுத்தக் காற்று சீறி வெளியேறும். பெட்டியோடு பெட்டி கோக்கப்படும்போது இரும்பு மோதும். குறுகிய வளைவில் சக்கரம் திரும்புகையில் எழும் கிறீச்சொலி பல்லைக் கூசச் செய்யும். ஓடும் வண்டியின் ஓசை வந்த வழியே போய்விடும். பட்டறையின் ஓசைக்குப் போக்கிடம் இல்லை. அஃது அங்கேயே குடியிருக்கும்.

கோலாலம்பூர் செந்தூலில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இரயில்வே பட்டறையை நம் முதியோர் அறிவர். எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. 1945-இல் நேச நாட்டு விமானங்கள் அதன்மீது குண்டு பொழிந்தன. ஆயினும் அது மீண்டெழுந்தது. அதன் பெரும்பணிகள் பேராக் மாநிலத்துப் பத்து காஜாவுக்கு மாறியது பின்னாளில்தான். செந்தூலில் பட்டறையைத் தேடி வந்து வீடுகள் முளைத்தன. ஓசைக்கு ஈடாகக் கூலியும் குடியிருப்பும் கிடைத்தன. நம் மாநிலத்து வாடி ஹானாவின் கதை வேறு. புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நோர்த்தையும் இணைக்கும் 4 கிலோமீட்டர் பாதைக்குச் சிங்கப்பூரின் மண்டாய் பணிமனையையே பயன்படுத்துவது முதல் திட்டம். 2020-இல் அத்திட்டம் மாறிப் பணிமனை ஜொகூர் பாருவின் வாடி ஹானாவுக்கு வந்தது. மக்கள் குடியிருக்கும் நகர்ப்பகுதி அது. அங்கே வீடுகள் முன்னமே இருந்தன.

பட்டறைக்கு நீண்ட சமநிலம் வேண்டும். அது பாதையை ஒட்டியும் இருத்தல் வேண்டும். நகரத்தில் அத்தகைய நிலம் அரிது, விலையும் மிகுதி. வரைபடத்தில் தோட்டமோ ஒரே பச்சை நிறமாகத் தோன்றும். ஒரே உரிமையாளரிடம் வாங்கிவிடலாம். அப்பச்சையின் நடுவே இருக்கும் லயத்து வீடுகள் வரைபடத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரியும்? அவற்றில் வாழ்வோரிடம் நிலப்பட்டாவும் இல்லை. அதிகாலையில் பிரட்டுக்கு எழுபவருக்கு இரவு பத்து மணி என்பது நள்ளிரவு.

"சுற்றிலும் மரம் இருக்கின்றதே, ஓசையைத் தடுக்காதா?" என்பார் உளர். வரிசை வரிசையாக இடைவெளி விட்டு நிற்கும் பால்மரமும் செம்பனையும் கண்ணை மறைக்குமேயன்றி ஒலியை அதிகம் தடுப்பதில்லை. ஒலியைத் தடுப்பவை தொலைவும், மண்மேடும், கனத்த சுவருமே. ஓரிடத்திலிருந்து எழும் ஒலி, தொலைவு இரட்டிக்குந்தோறும் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். கடைசல் எந்திரத்தைக் கூரையும் கதவும் உள்ள கட்டடத்துள் அமைத்து, கதவை வீடுகளுக்கு எதிர்ப்புறம் வைப்பதனால் எவ்வளவோ தணியும். இவையெல்லாம் வரைபட நிலையில் செலவு குறைந்த மாற்றங்கள். கட்டி முடித்த பின்னரோ பெருஞ்செலவு. உலகச் சுகாதார நிறுவனம் ஐரோப்பிய நாடுகளுக்கென 2018-இல் வெளியிட்ட வழிகாட்டியில், இருப்புப்பாதை ஓசை இரவில் சராசரி 44 டெசிபலைத் தாண்டலாகாது என்று பரிந்துரைத்துள்ளது.

நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, இருப்புப்பாதைத் திட்டம் மூன்று மாத காலம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். அக்காலத்தில் யாரும் தம் கருத்தை எழுதிக் கொடுக்கலாம். அவ்வறிவிப்பு தோட்டத்து லயங்களைத் தேடி வரும் என்று எதிர்பார்க்க இயலாது. பெற்றோர் எவரேனும் சிகாமட்டிலோ லாபீசிலோ அத்தகைய அறிவிப்பைக் கண்டால் பள்ளிக்குத் தெரிவியுங்கள். தாளைக் கொண்டுவந்து, அதனைப் படித்துச் சொல்லி, கடிதம் எழுத உதவுவது ஆசிரியர்களாகிய எங்கள் பொறுப்பு.

இதில் எமக்கு ஏன் இத்துணை அக்கறை என்று கேட்பீர்கள். ஒரு கடன் இருக்கின்றது.

நியூயார்க் நகரில் மேம்பால இருப்புப்பாதையை ஒட்டி ஒரு தொடக்கப்பள்ளி உண்டு. ஆர்லின் பிரான்சாஃப்ட் என்னும் உளவியல் அறிஞர் அதனை ஆராய்ந்து 1975-இல் தம் முடிவை வெளியிட்டார். பாதையை நோக்கிய வகுப்பறைகளில் பயின்ற பிள்ளைகள், அதே பள்ளியின் அமைதியான மறுபுறத்தில் பயின்றவர்களைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தனர். மேல்வகுப்பில் அவ்விடைவெளி ஏறத்தாழ ஓராண்டு. பின்னர்த் தண்டவாளத்தின்கீழ் இரப்பர் மெத்தைகள் வைத்தனர். வகுப்பறைக் கூரையில் ஒலியுறிஞ்சும் பலகைகளைப் பொருத்தினர். 1981-இல் வெளிவந்த மறு ஆய்வில் இருபுறத்துப் பிள்ளைகளும் ஒரே நிலையில் இருந்தனர். பாலை விற்று நாம் உலகுக்கு அனுப்பிய இரப்பர், யாரோ ஒரு குழந்தைக்கு எழுத்தைக் கேட்கச் செய்தது என்றும் சொல்லலாமோ!

கல்லூரிப் பயிற்சி முடித்து நாம் முதன்முதல் பணியாற்றிய பள்ளி, பெயர் வேண்டாம், இருப்புப்பாதையை ஒட்டியே இருந்தது. சன்னலோரத்தில் அமர்ந்த ஒரு சிறுவன் சொல்வதெழுதுதலில் ஓயாது பிழை செய்தான். 'கவனமில்லாதவன்' என்று அவன் தந்தையாரிடமே கூறினோம். வண்டி கடந்துபோகும்போது நாம் குரலை உயர்த்திச் சொல்லியதுண்டே தவிர, நிறுத்திக் காத்திருந்ததில்லை. பாடம் முடிய வேண்டுமே! அந்த ஆய்வைப் படித்தது பல்லாண்டு கழித்து. அன்றிரவு அவன் நோட்டுப் புத்தகம் கண்முன் வந்து நின்றது. 'மழலை' என்று நாம் சொன்னோம். அவன் 'மழை' என்று, எழுத்துப் பிழை ஏதுமின்றி, அழகாக எழுதியிருந்தான். சிவப்பு மையால் அதனைக் குறுக்கே அடித்தது எம் கை.