பூச்சு காயுமுன்

அயல்நாட்டுக்குப் போய்ச் சம்பளம் வாங்காமல் வீடு கட்டிக்கொடுக்கும் குழுக்களின் பயணத்தில், கடைசி நாளன்று கட்டுமான வேலை என்று அநேகமாக எதுவும் நடப்பதில்லை. அதுவரை செங்கல் சுமந்து, மணல் சலித்து, கலவை குழைத்தவர்கள் அன்று காலையில் தூரிகையும் துடைப்பமுமாக நிற்கிறார்கள். ஜன்னல் சட்டத்துக்கு இரண்டாம் பூச்சு வண்ணம், தரையில் சிந்தி இறுகிய சிமெண்டைச் சுரண்டுவது, சாந்துச்சட்டிகளைக் கழுவிக் கவிழ்ப்பது, மண்வெட்டிகளை எண்ணி ஒப்படைப்பது என்று முற்பகல் போய்விடும். உச்சிக்குமேல் பேச்சு, சாவி, மாலை, கூட்டாக ஒரு படம். பலர் அழுகிறார்கள். மறுநாள் விமானம்.

இந்த வழக்கத்துக்கு நூறு வயது ஆகிறது. 1920இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் பியர் செரசோல், முதல் உலகப்போரில் தரைமட்டமான வெர்தூன் பக்கத்துக் கிராமமான எஸ்னுக்குப் பல நாட்டவர் அடங்கிய சிறு குழுவை அழைத்துப்போனார். அதில் ஜெர்மானியரும் இருந்தனர். ஊரின் மனம் ஒத்துவராமல் அடுத்த ஆண்டு வசந்தத்திலேயே அந்த முகாம் கலைந்தது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு அதே செரசோல் இந்தியா வந்தார். ராஜேந்திர பிரசாத்தின் நிவாரணக் குழுவினரோடு சேர்ந்து முசாபர்பூர் பக்கம் வீடுகள் கட்டுவதில் ஈடுபட்டார். அவருடைய தந்தை ஒருகாலத்தில் சுவிஸ் நாட்டின் அதிபராக இருந்தவர். அதிபர் மகன் பீகார் வெயிலில் மண் சுமந்தது, காந்தி காலத்து இந்தியாவில்கூட அடிக்கடி காணக்கூடிய காட்சியாக இருந்திருக்காது. ஆனால் செரசோல் பத்து நாளில் திரும்பிவிடவில்லை. 1937 வரை போவதும் வருவதுமாக இருந்தார். பத்து நாள் பயணம் என்ற வடிவம் பிறகு வந்தது. 1976இல் மில்லர்ட் ஃபுல்லரும் லிண்டா ஃபுல்லரும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ‘ஹாபிடாட் ஃபார் ஹியூமானிட்டி’யைத் தொடங்கிய பின், குறிப்பாக முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1984 முதல் ஆண்டுக்கு ஒரு வாரம் சுத்தியலோடு வந்து நின்ற பின், அது உலகெங்கும் பரவியது. 2006இல் லோனாவாலாவுக்கு அருகே நூறு வீடுகள் ஒரே வாரத்தில் எழும்பியபோது கார்ட்டருக்கு 82 வயது.

ஒரே வாரத்தில் எழும்பிய வீடு என்பதைச் சிமெண்ட் ஒப்புக்கொள்வதில்லை. சிமெண்ட் உலர்ந்து கெட்டிப்படுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து கெட்டிப்படுகிறது. அந்த வினைக்கு நாள் வேண்டும். கான்கிரீட்டின் வலிமையை 28ஆம் நாளில்தான் கணக்கிடுவது வழக்கம். ஏழாம் நாளில் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் வந்திருக்கும். அதுவும் இடைவிடாமல் தண்ணீர் விட்டு நனைத்தால். கொத்தனார்கள் கியூரிங் என்று சொல்லும் இந்த வேலைக்குத் திறமை வேண்டாம், பொறுமை போதும். காலையிலும் மாலையிலும் சுவருக்குத் தண்ணீர் அடிக்க வேண்டும். தளத்தின்மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்த வேண்டும். விட்டுவிட்டால் பூச்சில் மயிரிழை விரிசல் ஓடும். ஆகவே சாவி கைமாறும் நாளில் அந்த வீடு இன்னும் பாதி வேகாத சோறு. அதை இறக்கி வைப்பது குடும்பத்தின் பொறுப்பு. வாளியைத் தூக்குவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். கூட்டுப் படத்தில் அந்த வேலை வருவதில்லை.

வந்து, கட்டி, திரும்பிப் போகும் கைகளைப் பற்றிப் பேசும்போது பினாங்கை விட்டுவிட முடியாது. அதன் தலைநகரான ஜார்ஜ் டவுன் அத்தகைய கைகளால் எழும்பிய ஊர். அங்கே இல்லாதிருந்தது தன்னார்வம் ஒன்றுதான். 1786 ஆகஸ்டில் தீவைக் கைக்கொண்ட பிரான்சிஸ் லைட், தாம் இறந்த 1794ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எழுதிய அறிக்கையில் ஊர்க் குடிகளை வகை பிரித்துக் காட்டுகிறார். சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து வந்த சூலியர் ஏறக்குறைய ஆயிரம் பேர் தங்கியிருக்கிறார்கள் என்கிறார். அதற்குமேல் ஆண்டுதோறும் கப்பல்கள் 1,300 முதல் 2,000 பேர்வரை கொண்டுவந்து இறக்குகின்றன. அவர்கள் வியாபாரமும் எல்லாவகைக் கூலி வேலையும் செய்து சில டாலர் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள். இவ்வளவுதான் செய்தி. காடு வெட்டி, சாக்கடை தோண்டி, செங்கல் அடுக்கிய ஒரு தலைமுறையின் கடைசி நாளை ஒரு நிர்வாகி இத்தனை சுருக்கமாக எழுதி முடித்திருக்கிறார். நாகூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் திரும்பிய கப்பலில் அந்தச் சில டாலர்கள் எந்த வேட்டி முடிச்சில் இருந்தன என்பது அறிக்கைக்கு வேண்டாத விவரம். இன்றைய தன்னார்வலரின் பயணமும் அதே வங்காள விரிகுடாவைத் தாண்டலாம். காசு போகும் திசை மட்டும் மாறிவிட்டது. அவர் கொடுத்துவிட்டுப் போகிறார்.

சூலியருக்காவது திரும்பும் நாள் இருந்தது. அவர்களுக்கு அடுத்து வந்தவர்கள் தீவாந்தர தண்டனை பெற்ற கைதிகள். 1818இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் அவர்களுடைய உழைப்பு உண்டு. இந்தக் கைதிகளைப் பற்றி மேஜர் மெக்நேர் 1899இல் வெளியிட்ட ‘கைதிகளே தங்கள் காவலர்’ என்ற பொருள்படும் தலைப்புள்ள நூல் பெங்கூலன், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் நான்கையும் தொடுகிறது. மெக்நேர் பொறியாளர், கைதிகளைக் கொண்டு கட்டியவர். பொறியாளர் எழுதும் சரித்திரத்துக்கே உரிய நல்ல குணம் ஒன்று அதில் உண்டு: ஆளுநர்களைப் பற்றி எழுதும் அதே அக்கறையோடு சாந்தைப் பற்றியும் எழுதுகிறார்.

சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்துக்கு 1856இல் அடிக்கல் நாட்டினார்கள். 1862இல் அது அர்ப்பணிக்கப்பட்டது. அதன் உட்சுவர்களுக்குப் பூசிய ‘மதராஸ் சுண்ணாம்பு’ எப்படிக் கலக்கப்பட்டது என்பதைச் சமையல் குறிப்புப்போலவே அந்த நூல் தருகிறது. மணல் கலக்காத சிப்பிச் சுண்ணாம்பு. முட்டை வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்துப் பசையாகும்வரை அடிக்க வேண்டும். தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் அதைக் குழைக்க வேண்டும். பூசி, அளவாக உலரவிட்டு, வழவழப்பான கல்லால் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது மாக்கல் தூளைத் தூவிக்கொண்டே போக வேண்டும். காரைக்குடி வீட்டுச் சுவரில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்தப் பக்கத்தை விளக்க வேண்டியதில்லை. அங்கே கடுக்காயும் சேரும். மற்றபடி குடும்பம் ஒன்றே. சென்னை மாகாணத்து வெற்றிலைக்கும் சுவருக்கும் ஒரே சரக்கைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள், கால்விலங்கோடு கப்பலேறிப்போன இடத்திலும் அந்த அறிவை இழக்கவில்லை. ஒரு தேவாலயத்துக்கு எத்தனை முட்டை செலவாகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குவது கடினம். வெள்ளைக்கரு சுவருக்குப் போனால் மஞ்சள்கரு எங்கே போனது என்பது அதைவிடச் சுவையான கேள்வி.

கவனிக்க வேண்டியது கல்லால் தேய்க்கும் அந்தக் கடைசிக் கட்டத்தை. சுண்ணாம்பு வேலையில் கடைசி நாள்தான் கடினமான நாள். அதிகம் ஈரமாக இருந்தால் பூச்சு கல்லோடு உரிந்து வரும். அதிகம் உலர்ந்தால் மெருகு ஏறாது. அந்தப் பதம் தெரிந்த கைதான் கடைசியாகச் சுவரைத் தொடும். தன்னார்வப் பயணத்தில் இது தலைகீழ். ரசமட்டமும் தூக்குக்குண்டும் பிடித்துச் சுவரை நேராக்கும் வேலையை உள்ளூர்க் கொத்தனார் தொடக்கத்திலேயே முடித்துவிடுகிறார். பழக்கமில்லாத கைக்குக் கேடில்லாத வேலையாகப் பார்த்துக் கடைசி நாளுக்கு ஒதுக்கி வைக்கிறார்கள். வண்ணம் தீட்டுவதில் கோணல் விழுந்தாலும் வீடு நிற்கும்.

சுண்ணாம்பை மறந்ததற்கு ஜார்ஜ் டவுன் விலை கொடுத்திருக்கிறது. கடைவீடுகளின் செங்கல் சுவர்கள் நிலத்து ஈரத்தை உறிஞ்சுபவை. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. பிற்காலத்தில் அதை உடைத்தெறிந்துவிட்டுச் சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் வண்ணமும் அடித்தார்கள். உள்ளே அகப்பட்ட ஈரமும் உப்பும் சுவரை அரித்தன. கடைவீடுகளின் முகப்பு நடைபாதையான அஞ்சடியில் நடப்பவர்கள் தோளளவு உயரத்தில் பொரிந்து உதிரும் வண்ணத்தை இன்றும் பார்க்கலாம். 2008 ஜூலையில் ஊர் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறிய பிறகு சுண்ணாம்புக்கு மறுபடி மரியாதை வந்தது. சுண்ணாம்புக்கு 28 நாள் கணக்கும் போதாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்து, மாதக்கணக்கில் அது திரும்பக் கல்லாகிறது. எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் வேலையாட்களுக்கு ஏற்ற பொருள் அல்ல.

மாலை நேரத்துச் சாவிச் சடங்குக்கு வருவோம். ஹாபிடாட் முறையில் வீடு தர்மம் அல்ல. குடும்பமும் தன் உடலுழைப்பைத் தர வேண்டும், பணத்தையும் தவணையில் திருப்பிக் கட்ட வேண்டும். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அழும் இரு தரப்பாருக்கும் இடையே ஒரு கடன் பத்திரமும் இருக்கிறது. அழுகை பொய் என்று இதனால் ஆகிவிடாது. ஆனாலும் கட்டியவர் போவதற்கும் குடியிருப்பவர் நுழைவதற்கும் நடுவே என்ன செய்வது என்பதைத் தமிழ்நாட்டு வழக்கம் இன்னும் நுட்பமாக யோசித்திருக்கிறது. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கங்களில் புதுவீட்டில் குடிபுகுமுன் ‘தச்சு கழிப்பது’ என்று ஒன்று உண்டு. இரவில் ஆசாரி உள்ளே பூசை போட்டு, பூசணிக்காயோ சேவலோ பலி கொடுத்து, மரத்தோடு வந்தவற்றையும் வேலை நடந்தபோது ஒட்டிக்கொண்டவற்றையும் வெளியேற்றுவார். பல ஊர்களில் வீட்டுக்காரர்கள் அந்நேரம் பக்கத்திலேயே வரக்கூடாது. கடைசி இரவு கட்டியவருடையது. விடிந்தால் அவருக்கும் கொத்தனாருக்கும் சித்தாள்களுக்கும் வேட்டி, துண்டு, சேலை, வெற்றிலைபாக்கோடு பணம். அதற்குப் பிறகுதான் பால் பொங்கும். கட்டியவர் விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். வீட்டின்மேல் அவருக்கு இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நன்றிக்கடன் துண்டோடு தீர்ந்துவிடுவது இரு பக்கத்துக்கும் நிம்மதி.

பினாங்குத் தீவின் மேற்கே பாலிக் புலாவ் போன்ற மலாய்க் கிராமங்களில் விஷயம் இன்னும் எளிது. தூண்மேல் நிற்கும் மரவீட்டை இடம் மாற்ற வேண்டுமானால் ஊரே வந்து அதை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு போகும் வழக்கம் இருந்தது. கோத்தோங் ரோயோங் என்னும் அந்தக் கூட்டு உழைப்புக்குச் சம்பளம் கந்தூரிச் சோறு. அங்கே முதல் நாளும் கடைசி நாளும் ஒன்றே. தூக்கியவர்களும் மறுநாள் அடுத்த வீட்டில்தான் இருப்பார்கள். கண்ணீருக்கு வேலையில்லை.

இனிச் செலவு. 1998இல் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸைத் தாக்கிய பிறகு அங்கே போய் வீடு கட்டிய வட அமெரிக்கக் குழுக்களைப் பற்றி கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்தார். உள்ளூர் அமைப்பு கட்டினால் ஒரு வீட்டுக்குச் சுமார் 2,000 டாலர். குழுவின் பயணச் செலவையும் சேர்த்தால் சுமார் 30,000. யார் கட்டிய வீட்டில் குடியிருந்தாலும் குடும்பங்களின் நிலையில் அவருக்குப் பெரிய வேறுபாடு தென்படவில்லை. விமான டிக்கெட்டுக்குச் சேர்ந்த பணம் விமானம் இல்லாவிட்டால் சேர்ந்தே இருக்காது என்று அமைப்புகள் பதில் சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. மனிதர் பணத்தைவிடத் தம் கையைக் கொடுக்கத்தான் முந்துகிறார்கள். கை அந்த வேலைக்கு லாயக்கா என்பதைப் பிறகுதான் பார்க்கிறார்கள்.

2004 டிசம்பர் 26இல் பினாங்கும் அடிபட்டது. மலேசியாவில் ஆழிப்பேரலைக்குப் பலியான 68 பேரில் 52 பேர் இறந்தது பினாங்கு மாநிலத்தில். அதே அலை கடலின் மறுகரையில், சூலியர் கப்பலேறிய நாகப்பட்டின மாவட்டத்தில், ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. தன்னார்வலர்களும் தொண்டு நிறுவனங்களும் திரண்டது அந்தக் கரைக்குத்தான்.

குழு போன பிறகு மிச்சமிருக்கும் வேலைகள் எல்லா நாட்டிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. மின் இணைப்புக்கு மனு போட வேண்டும். கழிவுநீர்க் குழாயின் வாட்டம் சரியா என்று பார்க்க வேண்டும். நிலத்துப் பத்திரம் யார் பெயரில் என்பது தீர வேண்டும். இவற்றோடு, அனுபவமில்லாத கை பூசிய மூலைகளைக் கொட்டிவிட்டு மறுபடி பூசும் வேலையும் உண்டு. அதைப் பெரும்பாலும் பயணம் முழுவதும் கூடவே நின்று சொல்லிக்கொடுத்த அதே கொத்தனார்தான் செய்கிறார். குழு இருக்கும்போது அவர் அதைத் தொடுவதில்லை. முகம் வாடிவிடும் என்று விமானம் ஏறும்வரை காத்திருக்கிறார். பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டு வருகிறார், கூலிக்கு.