பாட்டியின் முகமும் வடையின் அளவும்

கோயிற் சிற்பத்தை மக்கள் கண்ணாற் காண்பர். பொம்மையையோ கையாற் பிடிப்பர், வாயில் வைப்பர், மாடியினின்று எறியவுஞ் செய்வர். ஆதலின், பொம்மைக்கு உருச் சமைப்போனிடம் கருத்துரைக்க உரிமையுடையோர் பலராவர். அவருள் எவர் சொல்லை எவ்வளவிற்குக் கொள்வது என்பதே இத்தொழிலிற் பெருங் கேள்வி. நமது கல்லூரியில் விலங்கியல் பயின்ற யான் இத்தொழிலிற் புகுந்த வரலாற்றை ஈண்டு விரிப்பிற் பெருகும். ஒரு வேலையைப் பற்றி மட்டுஞ் சொல்லுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பொம்மைக் கம்பெனியார், பாட்டி வடை சுட்ட கதையை விளையாட்டுத் தொகுதியாக வெளியிட விரும்பினர். பாட்டி, காகம், நரி, வடை ஆகிய நான்கும் வேண்டும். மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைக்கும் ஏற்றனவாயிருத்தல் வேண்டும். இக்காலத்தில் இவ்வேலைக்குக் களிமண் இன்றியமையாததன்று. ஸீபிரஷ் முதலிய மென்பொருள்களைக் கொண்டு, கணினித் திரையிலேயே பிசைந்தும் இழுத்தும் செதுக்கியும் உருவை ஆக்குகிறோம். அதனை முன்னும் பின்னும் பக்கமுமாகப் படமெடுத்து அனுப்பிக் கருத்துக் கேட்டல் வழக்கம். யான் வண்ணந் தீட்டாது சாம்பல் நிறத்திலேயே அனுப்புவேன். வண்ணத்தைக் கண்டால் எல்லாரும் சேலையின் நிறத்தைப் பற்றியே பேசுவர். வடிவத்தைப் பற்றிய பேச்சு எழாது.

முதலில் வந்தது அச்சுப் பொறியாளரின் மறுமொழி. அழகென்றோ அன்றென்றோ அவர் ஒரு சொல்லும் எழுதினாரல்லர். உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சினுள் அழுத்திச் செலுத்தி, அது இறுகியபின் அச்சின் இரு பாதிகளையும் நேர்க்கோட்டில் விலக்கிப் பொம்மையை எடுப்பர். விலகுந் திசைக்குக் குறுக்கே கொக்கிபோல் நிற்கும் உறுப்பு எதுவாயினும் பொம்மையை அச்சினுள்ளேயே பிடித்துக்கொள்ளும், அதனை விடுவிக்க அச்சில் வேறொரு நகரும் துண்டு வேண்டும், செலவும் ஏறும். வடையைக் கவ்வித் திறந்திருந்த காகத்தின் அலகு அத்தகைய கொக்கியென்பது அவர் கருத்து.

அதனினும் பெரிய இடையூறு வடையினால் வந்தது. பொம்மைகளுக்குரிய தரக் கட்டுப்பாட்டு ஆணை நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சிறு துண்டுகளைச் சோதிக்க ஓர் உருளை உண்டு. அதன் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர், அடிப்பகுதி சாய்வானது, ஆழம் ஒருபுறம் 25.4, மறுபுறம் 57.1 மில்லிமீட்டர். மூன்று வயதிற்குட்பட்ட குழந்தையின் பொம்மையில் எத்துண்டும் இவ்வுருளையினுள் முற்றிலும் அடங்குதல் கூடாது. அடங்கின், அது குழந்தையின் தொண்டையையும் அடைக்கவல்லது. காகத்திற்கு ஏற்ற அளவில் யான் வரைந்த வடை 22 மில்லிமீட்டர்.

வடையை அலகோடு ஒட்டிவிடுக என்றனர் கம்பெனியார். ஒட்டிய வடை விழாது. விழாத வடையை நரி எவ்வாறு பெறும்? கதையே மரக்கிளையில் நின்றுவிடுமே! இதில் யான் இணங்கவில்லை. நான்கு நாட் கடிதப் போக்குவரத்திற்குப்பின், அப்பொறியாளரே, "உளுந்து வடைக்கு நடுவில் துளை உண்டன்றோ?" என்று ஒரு வரி எழுதினார். அவ்வொரு வரி யாவற்றையுந் தீர்த்தது. வடையை 45 மில்லிமீட்டராக்கி, அதன் துளையில் மூடிய அலகை நுழைத்தோம். காகத்தைச் சாய்த்தால் வடை விழுகிறது. அலகிற் கொக்கியும் இல்லை. காகத்தின் தலையினும் வடை பெரிதாயிற்று. அதனாலென்? பசித்த காகத்திற்கு வடை அவ்வாறுதானே தோன்றும்!

இனி, பாட்டியின் முகம். மூன்று முறை திருத்தி அனுப்பினேன். மூன்று முறையும் "இன்னுஞ் சிரிக்கட்டும்" என்றே மறுமொழி வந்தது. சுருக்கங்களைக் குறைக்கச் சொன்னதற்கு உடனே இசைந்தேன். ஏழு சென்டிமீட்டர் உயரமுள்ள உருவில் அவை எப்படியுந் தெரியா. சிரிப்பிற்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. காரணத்தை எடுத்துரைக்க எனக்குச் சொல் அகப்படவுமில்லை.

அந்நாட்களிற் பண்ணுருட்டிக்குச் சென்று, கொலுப் பொம்மை செய்யும் பெரியவர் ஒருவரிடம், அச்சிட்டெடுத்த மாதிரியைக் காட்டினேன். அவர் முதலில் அதனைத் திருப்பி முதுகைப் பார்த்தார். தரையில் வைத்து விரலால் தட்டிப் பார்த்தார். பின்னரே முகத்தை நோக்கினார். "தம்பி, காக்கை வடையைத் தூக்கிக்கொண்டு போனபிறகும் இவள் இப்படியே சிரித்துக்கொண்டிருப்பாளா?" என்று வினவினார்.

யான் தேடிய சொல் அதுவே. ஓவியத்திற் பாட்டிக்குப் பக்கந்தோறும் ஒரு முகம் எழுதலாம். பொம்மைக்கோ ஒரே முகம். வடை சுடும்பொழுதும், களவு போனபொழுதும், மறுநாட் குழந்தை அவளை டாக்டராக்கும்பொழுதும் அதுவே உதவவேண்டும். டென்மார்க்கு நாட்டு லெகோ கம்பெனியார் 1978-இல் வெளியிட்ட சிறு மனித உருக்களுக்கு, 1989-இற் கடற்கொள்ளையர் வரும்வரை, இரு புள்ளிக் கண்களும் ஒரு மெல்லிய வாய்க்கோடுமே முகமாயிருந்தன. இதனைக் கம்பெனியார்க்கு எழுதினேன். "அக்கோடும் புன்னகைதானே?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டது நியாயமே, பதில் சொல்ல எளிதாயில்லை.

ஆகவே வாயைச் சற்றே திறந்தபடி விட்டு, உதட்டோரத்தை மட்டும் அரை மில்லிமீட்டர் உயர்த்தி அனுப்பினேன். "இப்பொழுது சிரிக்கிறாள், அச்சுக்கு அனுப்பலாம்" என்று கம்பெனியார் எழுதினர். அதே உருவைப் பண்ணுருட்டிப் பெரியவர் வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து, "இவள் காக்கையைத் திட்டுவாள்" என்றார்.