எம்பிபிஎஸ் முடிச்சாச்சு... அடுத்து?

ஹவுஸ் சர்ஜன் முடிக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கும், அவங்க வீட்டுப் பெரியவங்களுக்கும் இந்தப் பதிவு.

நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. ஐந்தரை வருடம் முடிச்சு வெளிய வந்ததும் சொந்தக்காரங்க கேட்கிற முதல் கேள்வி: "பிஜி எப்போ?"
அடுத்தது: "வெறும் எம்பிபிஎஸ்தானா?"

இந்த "வெறும்" என்ற சொல் பல பிள்ளைகளோட இரண்டு மூன்று வருடங்களை விழுங்கிடுது. வேலைக்குப் போகாம, அறைக்குள்ள அடைஞ்சு, திரும்பத் திரும்ப நீட் பிஜி எழுதுறாங்க. கடைசியில ரேங்க்குக்கு எது கிடைக்குதோ அதுதான் துறை. அது நமக்கு ஒத்துவருமான்னு யோசிக்கவே நேரமில்ல.

பிஜி வேண்டாம்னு சொல்லல. அறுவை சிகிச்சை நிபுணராகவோ குழந்தை மருத்துவராகவோ ஆகணும்னா படிச்சுத்தான் ஆகணும். ஆனா துறையோட பேரைப் பார்க்காம, அதோட தினசரி வேலையைப் பாருங்க.

👉 மகப்பேறு எடுத்தா ராத்திரித் தூக்கம் உங்க கையில இல்ல.
👉 மயக்கவியல் எடுத்தா நோயாளிக்கு உங்க முகம் ஞாபகம் இருக்காது. ஆனா அவர் மூச்சு உங்க பொறுப்பு.
👉 நோயியல் எடுத்தா, நோயாளியைப் பார்க்காமலே கட்டி புற்றா இல்லையான்னு சொல்லணும்.

எதைச் செஞ்சா முப்பது வருடம் சலிக்காதுன்னு ஹவுஸ் சர்ஜன் போஸ்டிங்லயே கவனிச்சு வைங்க.

சரி, உடனே பிஜி கிடைக்கலன்னா?

1️⃣ மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் உதவி மருத்துவர் தேர்வு. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு பிஜி இடங்களில் மாநிலங்கள் தனி ஒதுக்கீடு தரலாம்னு 2020-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே தீர்ப்பளிச்சிருக்கு. அதனால வேலையில சேர்ந்தா படிப்பு போச்சுன்னு நினைக்காதீங்க.

2️⃣ யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த மருத்துவப் பணித் தேர்வு. ரயில்வே, மத்திய சுகாதாரப் பணி எல்லாம் இதுல வரும். இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம்.

3️⃣ பொது சுகாதாரம். கொள்ளைநோய், தடுப்பூசி, குடிநீர்னு ஊருக்கே வைத்தியம் பார்க்கிற துறை. 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் நம்முடையது. சென்னையில இருக்கிற தேசிய நோய்ப்பரவு இயல் நிறுவனத்துல எம்பிஎச் படிக்கலாம்.

4️⃣ குடும்ப மருத்துவம். டிஎன்பி பட்டமே இருக்கு.

நானும் எம்பிபிஎஸ்தான். பாம்பு கடிச்சு ராத்திரி 2 மணிக்கு வர்றவருக்கு விஷமுறிவு மருந்து ஏத்துறதும், "மாத்திரையை ஏன்மா நிறுத்தினீங்க?"ன்னு கேட்டு ஒரு சர்க்கரை நோயாளியோட காலைக் காப்பாத்துறதும் எங்களை மாதிரி ஆளுங்கதான். இதுல எது "வெறும்"?

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை தேர்வுக்குப் படிக்கட்டும். கூடவே வாரத்துல சில நாளாவது டூட்டி பார்க்கட்டும். கையில சம்பளமும் எதிர்ல நோயாளியும் இருந்தா, ஒரு ரேங்க் போனதுக்காக வாழ்க்கையே போச்சுன்னு தோணாது.

அப்படித் தோணுற தம்பி தங்கைங்க யாராவது இதைப் படிச்சா, டெலி மானஸ் எண் 14416. தயங்காம கூப்பிடுங்க. டாக்டரும் மனுஷன்தானே.