மெல்ல நடக்கும் பிள்ளை



இந்த வாரம் என் தவறு ஒன்றைச் சொல்லியே தொடங்க வேண்டியிருக்கிறது.

எங்கள் ஓய்வுநாள் பள்ளிக்கு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வருகிறாள். பாட்டுக்காக எல்லாரும் எழுந்து நிற்கையில் அவள் மட்டும் சுவரில் சாய்ந்துகொள்வாள். ஒரு ஞாயிறன்று மற்றப் பிள்ளைகளுக்கு முன்பாகவே, "ஆண்டவருடைய சந்நிதியில் நேராக நிற்கவும் சோம்பலா?" என்று கேட்டுவிட்டேன். அவள் சுவரை விட்டு விலகி நின்றாள். பாட்டு முடியுமுன் அவளுடைய முழங்கால்கள் இரண்டும் பின்னோக்கி வில்லைப்போல வளைந்திருந்ததைக் கண்டேன். கண்டும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் மாலை அவளுடைய தாயார் வந்தார். கோபமாய்ப் பேசவில்லை, பேசியிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும். "ஐயா, அவளுக்குச் சோம்பல் இல்லை. மூட்டெல்லாம் தளர்வு" என்றார். ஒன்றரை வயது கடந்த பின்புதான் அவள் நடந்தாளாம். நடைவண்டி வாங்கிக் கொடுத்தும், ஆத்தங்குடிக் கல் பதித்த பளபளப்பான தரையில் கால் வழுக்கி ஓயாமல் விழுந்தாளாம். விரல்களைப் பின்னால் வளைத்துக் காட்டும்போது வீட்டுப் பெரியவர்கள் கைதட்டி ரசித்தார்களாம். இரவில் கால் வலிக்கிறதென்று அழுதபோதோ, விளையாடிய களைப்பு என்று தேய்த்துவிட்டுப் படுக்கவைத்தார்களாம். மதுரையில் ஒரு மருத்துவர் பார்த்த பின்புதான் காரணம் தெரிந்தது.

அதன்பின் இதைப்பற்றிச் சற்றுப் படித்தேன். எலும்போடு எலும்பைப் பிணைக்கிற தசைநார்களுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். சில பிள்ளைகளுக்கு அந்தப் பிணைப்பு நெகிழ்ந்திருக்கிறது. மூட்டைத் தாங்க வேண்டிய வேலையையும் தசைகளே சுமப்பதால், சும்மா நிற்பதே அவர்களுக்கு உழைப்பாகிவிடுகிறது. வேறொன்றும் உண்டு. கண்ணை மூடினாலும் நம் கை எங்கே, கால் எங்கே என்று நமக்குத் தெரிகிறதல்லவா? மூட்டுகளும் தசைகளும் மூளைக்கு அனுப்பும் செய்தியால் வருகிற அறிவு அது. மூட்டுத் தளர்ந்த பிள்ளைகள் பலருக்கு அச்செய்தி மங்கலாகவே போய்ச் சேருகிறது. ஆகையால் படியில் தடுக்குகிறார்கள், பென்சிலை அழுத்திப் பிடித்துக் கை வலிக்கிறது என்கிறார்கள், நம்மிடம் திட்டும் வாங்குகிறார்கள்.

சோதிக்கும் முறை எளிது. 1973-இல் பைட்டனும் அவருடைய தோழர்களும் வெளியிட்ட ஒன்பது மதிப்பெண் அளவை அது. சுண்டுவிரல், கட்டைவிரல், முழங்கை, முழங்கால் ஆகியவை இரு பக்கமும் எவ்வளவு வளைகின்றன, முழங்காலை மடக்காமல் உள்ளங்கைகள் தரையில் பதிகின்றனவா என்று பார்ப்பார்கள். பிள்ளைகளின் உடல் இயல்பாகவே நெகிழ்வானது. வளைகிற பிள்ளைகளெல்லாம் நோயாளிகள் அல்லர். வலியும் களைப்பும் தடுமாற்றமும் சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பதினெட்டு மாதமாகியும் நடக்காத குழந்தையையும் காட்டுங்கள். தளர்ந்த மூட்டை மாற்றிவிடும் மருந்து கிடையாது. தசையை வலுப்படுத்தும் பயிற்சியே துணை: ஒற்றைக்காலில் நிற்பது, படியேறுவது, நீந்துவது, குதிகாலை இறுகப் பிடிக்கும் காலணி அணிவது. விரலை வளைத்து வேடிக்கை காட்டச் சொல்வதை நிறுத்திவிடுங்கள்.

தாயார் இன்னொன்று கேட்டார். "தினமும் பயிற்சி செய்யச் சொன்னால் அழுகிறாள். நீங்கள் ஜெபித்தால் போதாதா ஐயா?" ஜெபித்தேன், பயிற்சியை விடவேண்டாம் என்றும் சொன்னேன். மருத்துவத்தை நாடுவது அவிசுவாசம் என்று போதிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் அம்மையாரை நினைத்துப் பாருங்கள். 1954-இல் நேர்ந்த சாலை விபத்துக்குப்பின் அவர் மறுபடி நடக்கவேயில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். உடல் இயக்கம் குன்றியோருக்கான மறுவாழ்வு நிலையம் 1966-இல் வேலூரில் திறக்கப்பட்டதற்கு அவருடைய உழைப்பே காரணம்.

அந்த வாரம் நான் ஆதியாகமத்தைத் திறந்தேன். யாப்போக்கு ஆற்றங்கரையில் யாக்கோபின் தொடைச்சந்து பிசகியதைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அடுத்த அதிகாரத்தில் நிகழ்வதை நான் கவனித்ததேயில்லை. சேர்ந்து போகலாம் என்று ஏசா அழைக்கிறான். யாக்கோபோ, பிள்ளைகள் இளையவர்கள், நீ முன்னே செல், அவர்களால் முடிந்த வேகத்தில் நான் பின்னே வருகிறேன் என்கிறான். அண்ணனோடு ஒட்டிப் போகாதிருக்க அவன் சொன்ன சாக்கு அது என்பாரும் உண்டு, இருக்கலாம். ஆனாலும் முந்தின நாள் வரையில் எல்லாரையும் முந்தவே பார்த்த மனிதன் அவன். நொண்டத் தொடங்கிய பிறகே பிள்ளைகளின் நடை அவன் பேச்சில் வருகிறது. நானோ நொண்டாதவன்.

அடுத்த ஞாயிறு, திட்டிய அதே பிள்ளைகளுக்கு முன்பாக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிறிது யோசித்துவிட்டு, "அப்போ உட்கார்ந்தே பாடலாமா?" என்றாள். சுவரோரமாக ஒரு பெஞ்சைப் போட்டுவைத்தோம். இப்போது அதில் மூன்று பேர் உட்காருகிறார்கள். மற்ற இருவருக்கும் மூட்டில் ஒரு குறையும் இருப்பதாகத் தெரியவில்லை. நான் ஒன்றும் கேட்பதில்லை.