நின்ற இடத்தில் ஓட்டம்

வள்ளுவர் பொருட்பாலில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். உள்ளத்தில் கிளர்ச்சி தோன்றுவது ஒன்று. அது சோம்பலால் மடியாது காக்கப்படுவது மற்றொன்று. செயலாக வடிவெடுப்பது வேறொன்று. இடர் வந்துற்றபோதும் அச்செயல் நில்லாது தொடர்வது பிறிதொன்று. 'ஊக்கம்' என்னும் ஒரு சொல்லால் நாம் கூறி முடித்துவிடுவதை அவர் நான்காகப் பகுத்து நோக்கியதன் நுட்பம், மார்கழி மாதத்து வைகறையில் மலைநாட்டிலே போர்வையை விலக்கி எழ முயன்ற எவருக்கும் எளிதில் விளங்கும்.

டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றின் லயன் காம்பராவிலிருந்து பேராதனைக்குச் சென்று கலைப்பீடத்தில் பயிலும் மாணவன் ஒருவன் இவ்வுண்மையை ஒரு விடுமுறைக் காலத்தில் கற்றுக்கொண்டான். பத்தாயிரம் மீற்றர் ஓட்டத்தில் அவனுக்கு நாட்டம் மிகுதி. ஹற்றன் மண்ணிலிருந்து புறப்பட்டுத் தேசிய மட்டத்தில் நெடுந்தூர ஓட்டங்களில் பெயர்பெற்ற குமார் சண்முகேஸ்வரனின் படம் அவனுடைய விடுதி அறைச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. மாசியில் நடைபெறவிருந்த போட்டிக்காகப் பேராதனையில் நண்பர் நால்வருடன் மாலைதோறும் ஓடிப் பழகிவந்தவன், விடுமுறைக்கு வீடு திரும்பியதும் தனியனானான்.

மலைநாட்டுக் குளிரைச் சமவெளியில் வாழ்வோர் அத்துணைப் பொருட்படுத்துவதில்லை. பனிக்கட்டி உறையும் மேலைநாடுகளோடு ஒப்பிட்டால் அது சிறிதே. ஆயினும், ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலுள்ள ஹற்றனிலும், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலும் மார்கழியும் தையும் உடலை நடுக்குவன. நுவரெலியாவில் தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளிலே தரைப்பனி உறைந்து தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடுவதும் உண்டு. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது நம்மவர் பழமொழி. துளைப்பதற்கு லயனில் மச்சு ஏது? தகரக் கூரைதான் உண்டு.

குளிரையாவது அவன் பொறுத்திருப்பான். தேயிலை மலைகளிலே சிறுத்தைகளின் நடமாட்டம் பற்றிய பேச்சு அவ்வாண்டு மிகுந்திருந்தது. விடியுமுன் மூடுபனிக்குள் தனியே ஓடுவதற்குத் தாய் ஒருபோதும் இசையவில்லை. ஈற்றில், நகரிலுள்ள சிறிய உடற்பயிற்சி நிலையமொன்றில் ட்ரெட்மில் எனப்படும் ஓட்டப் பொறி இருப்பதை அறிந்து அங்கே சேர்ந்தான். மாதக் கட்டணத்தைத் தாயே கொடுத்தாள். அது அவளுடைய இரண்டு நாட் பேருக்கும் அதிகமான தொகை.

முதல் வாரம் புதுமையிற் கழிந்தது. இரண்டாம் வாரத்தில் அலுப்புத் தொடங்கியது. எதிரே வெள்ளைச் சுவர்; காலடியில் பின்னோக்கி ஓடும் கறுப்புப் பட்டி; கண்முன் நகர மறுக்கும் இலக்கங்கள். வீதியில் ஓடுபவனுக்கு வளைவும் மேடும் மரமும் மனிதரும் மாறிமாறி வந்து தூரத்தை மறக்கச் செய்வர். பொறியில் ஓடுபவனுக்கோ தூரத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. ஐந்து நிமிடம் ஓடிவிட்டதாக எண்ணி நிமிர்ந்தால் இரண்டு நிமிடமே கழிந்திருக்கும். பதினோராம் நாள் அவன் போகவில்லை.

இப்பொறியின் வரலாற்றை நோக்கின் அவனது அலுப்பு வியப்புக்குரியதன்று. 1818 இல் இங்கிலாந்தில் வில்லியம் கியூபிற் என்னும் பொறியியலாளர் சிறைக் கைதிகளுக்காக ஒரு மிதிசக்கரத்தை வகுத்தமைத்தார். முடிவில்லாத படிக்கட்டில் கைதிகள் மணிக்கணக்காக ஏறிக்கொண்டேயிருந்தனர். ஒரு படியேனும் உயர்ந்தாரல்லர். எழுத்தாளர் ஒஸ்கார் வைல்டும் 1895 இல் சிறைப்பட்டபோது இத்தண்டனையை அனுபவித்தவரே. ஜமேக்காவில் 1834 இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பின்னரும், பயிலுநர் என்னும் பெயரால் தோட்டங்களிலே பிணிக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள் இச்சக்கரத்தில் ஏற்றி வதைக்கப்பட்டனர். அவருள் ஒருவரான ஜேம்ஸ் வில்லியம்ஸ் அக்கொடுமையைக் கூறிய நூல் 1837 இல் வெளிவந்தது. ஏறத்தாழ அதே காலப்பகுதியிலேதான் தென்னிந்தியத் தமிழர் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டனர் என்பதும் நினைவுகூரத்தக்கது. தண்டனைக் கருவியாகப் பிறந்தது, இருபதாம் நூற்றாண்டில் இதயத்தைச் சோதிக்கும் மருத்துவக் கருவியாகிப் பின்னர் உடற்பயிற்சிச் சாதனமாயிற்று.

ஆயினும் அதனால் பயனில்லை எனக் கூறுதல் பொருந்தாது. அலாஸ்காவின் அங்கரேஜ் நகரில் வாழ்ந்த மருத்துவரான கிறிஸ்ரின் கிளார்க், கொடும் பனிக்காலத்தில் தமது பயிற்சியின் பெரும்பகுதியை இப்பொறியிலேயே செய்தார். 2000 ஆம் ஆண்டு மாசி மாதம், தென் கரோலினாவின் வெப்பமான நாளொன்றிலே நடைபெற்ற அமெரிக்க ஒலிம்பிக் தேர்வு மரதன் ஓட்டத்தில் எவரும் எதிர்பாராவண்ணம் முதலிடம் பெற்றார். காற்றின் எதிர்ப்பு இல்லாமையை ஈடுசெய்யப் பொறியை நூற்றுக்கு ஒன்று என்னும் அளவில் சாய்த்து ஓடுதல் தகும் என 1996 இல் வெளியான ஆய்வொன்றும் காட்டியது. இவற்றையெல்லாம் மாணவன் தேடிப் படித்தான். ஓட்டத்தைச் சிறு கூறுகளாகப் பகுத்தான். சாய்வை மாற்றிமாற்றி வைத்தான். இலக்கங்களைத் துவாயால் மூடினான். மேலும் நான்கு நாட்கள் ஓடினான். பின்னர் மீண்டும் நின்றான். உடலுக்குரிய உத்திகள் அனைத்தும் கைவசம் இருந்தன. எழுந்து போவதற்கு மாத்திரம் மனம் இல்லை.

அந்த நான்கு நாட்களில் ஓரிரவு தாய் கேட்டாள்:

"இன்னிக்கு எவ்வளவு தூரம் ஓடுன தம்பி?"

"எட்டுக் கிலோமீட்டர் அம்மா."

"எங்க வரைக்கும் போன?"

"எங்கயும் போகல. அது நின்ன எடத்துலயே ஓடுறது."

தாய் சற்று நேரம் அடுப்பைப் பார்த்திருந்தாள். "நின்ன எடத்துல ஓடுறதுக்கும் காசா?" என்றாள். கேலியாக அவள் அதைக் கூறவில்லை, விளங்கிக்கொள்ளவே கேட்டாள். அவனால் விடை கூற இயலவில்லை.

தை பிறந்த பின்னர் ஒருநாள் தாயின் முழங்கால் வீங்கியிருந்தது. கொழுந்துச் சாக்கைச் சுமந்து உதவுவதற்காக அவனும் மலைக்குச் சென்றான். பிரட்டுக்களத்தில் பெண்கள் கம்பளியைப் போர்த்தியவாறு கூடி நின்றனர். மலையில் ஏறியதும் இடுப்புப் படங்கு பனிநீரில் நனைந்து கனத்தது. விரல்கள் விறைத்தன. குளிர்ந்த வறண்ட காற்று வீசும் இக்காலத்தில் கொழுந்து மெல்லவே வளரும். அதனால் அதன் மணம் செறியும். தை முதல் பங்குனி வரை டிம்புல்லப் பகுதித் தேயிலை புகழ்பெறுவதற்குக் காரணம் அதுவே. கொழும்பு ஏலத்தில் விலையை உயர்த்தும் அதே குளிர், மலையிலே கூடையை நிறையவிடாது தடுக்கிறது. குறித்த கிலோ சேராவிட்டால் அரைப்பேர். 2021 இல் 1,000 ரூபாவாகவும், 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்ட அந்த நாட்கூலி, ஒவ்வொரு நாளும் தராசின் முன்னே ஐயத்துக்குரியதாகவே நிற்கிறது.

உச்சி மலையில் இளைப்பாறியபோது அவன் கேட்டான்: "தெனமும் எப்பிடி அம்மா ஏறுறீங்க? அலுப்பா இல்லியா?"

"அலுப்புத்தான். போகாட்டிப் பேரு இல்லையே" என்றாள். சிறிது பொறுத்து, "அதுவுமில்லாம, மேல் லயத்து அக்கா விடிய வந்து வாசல்ல நிப்பா. அவ வந்து நிக்கையில நான் எப்பிடிப் படுத்துக் கெடக்கிறது?" என்றாள்.

இவ்விரண்டு விடைகளும் அவனை இருவேறு திசைகளில் சிந்திக்கவைத்தன. முதலாவது விடையில் ஊக்கம் என்று புகழத்தக்கது யாதும் இல்லை. அது வயிற்றின் கட்டாயம். தோட்டத் தொழிலாளரின் உழைப்பைக் கண்டு நெகிழ்ந்து, அவர்தம் பொறுமையைப் பிறருக்கு எடுத்துக்காட்டாக நிறுத்துதல் பேச்சாளருக்கு எளிது. வேறு வழி இன்மையைப் பொறுமை என்று அணிசெய்தல் அறமாகாது. விரும்பிய நாளில் பொறியை நிறுத்தி இறங்கும் உரிமை அவனுக்கு இருந்தது. அவன் தாய்க்கு அவ்வுரிமை இல்லை. அவளுடைய இரண்டு நாட்கூலியில் நின்றுகொண்டே தான் சலித்துக்கொண்டதை எண்ணியபோது அவன் நாணினான்.

இரண்டாவது விடையோ அவனுக்கு நேரே உதவக்கூடியதாயிருந்தது. பேராதனையில் அவன் மாலைதோறும் ஓடியது தன் மனவுறுதியால் என்றே இதுகாறும் எண்ணியிருந்தான். உண்மையில், விடுதி வாசலில் நால்வர் காத்துநின்றமையாலேயே ஓடினான். ஹற்றனிலே அவனுக்காக எவரும் காத்திருக்கவில்லை. அலுப்பைத் தந்தது பொறி மட்டும் அன்று. தனிமையும் சேர்ந்தே தந்தது.

அன்று மாலையே இரண்டு காம்பரா தள்ளி வசிக்கும் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் பேசினான். நகரப் பாடசாலைக்கு முதல் பஸ்ஸில் செல்லும் அச்சிறுவன், மறுநாள் முதல் ஐந்தரை மணிக்கு இஸ்தோப்பில் வந்து நின்று, "அண்ணே" என்று ஒருமுறை மாத்திரம் அழைத்தான். இருவரும் ஒரே பஸ்ஸில் சென்றனர். மூத்தவன் பொறியில் ஓட, இளையவன் அருகிலிருந்த பலகையில் அமர்ந்து வரலாற்றுப் பாடத்தை உரக்கப் படித்தான். ஐயம் தோன்றிய இடத்தில் கேட்டான். மூச்சு வாங்க விடை கூறியவாறு மூத்தவன் ஓடினான். வெயில் ஏறிய சனி, ஞாயிறுகளில் இருவரும் தோட்டப் பாதையில் மாரியம்மன் கோயில்வரை சேர்ந்து ஓடினர். சுவரும் பட்டியும் இலக்கங்களும் முன்போலவே இருந்தன. நாட்கள் மட்டும் தவறவில்லை.

மாசியில் போட்டி நடந்தது. அவன் ஐந்தாவதாக வந்தான். முன்னைய ஆண்டில் இடைநடுவே நின்ற அதே ஓட்டத்தை இம்முறை முடித்தான். இரவு தொலைபேசியில் தாய் வழமைபோலவே கேட்டாள்: "எங்க வரைக்கும் ஓடுன?"

நானூறு மீற்றர் ஓடுபாதையில் இருபத்தைந்து சுற்றுகள். தொடங்கிய கோட்டிலேயே முடிவு. "இதுவும் தொடங்குன எடத்துலதான் அம்மா வந்து நிக்குது" என்றான்.

தாய் சிரித்தாள். "முழுசா ஓடி முடிச்சியா?" என்றாள்.

"முடிச்சேன்."

"அப்ப சரி. கால் வலிச்சா எண்ணெ தேச்சிட்டுப் படு" என்று கூறித் தொலைபேசியை வைத்தாள். மறுநாள் விடியற்காலையில் மேல் லயத்து அக்கா வந்து வாசலில் நிற்பாள் அல்லவா?