முன்பாரம் பார்த்து வாங்கிய வண்டி

ஆஸ்திரேலியாவில் பழைய எஸ்.யூ.வி விற்பனை விளம்பரம் எதைப் பார்த்தாலும், விலைக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். ‘இழுவைத் திறன் 2,000 கிலோ’, ‘3,000 கிலோ’ என்று போட்டிருப்பார்கள். நம்மூரில் கார் வாங்கப் போகிறவர்கள் கேட்காத கேள்வி இது. அங்கே படகு, கேரவன், சின்ன டிரெய்லர் என்று எதையாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போவது சாதாரணம். நீண்ட விடுமுறை வந்தால் நெடுஞ்சாலையில் வீடுகளே வரிசையாக உருண்டு போவதுபோல இருக்கும்.

சிட்னியின் மேற்குப் புறநகரில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கும் அப்படி ஒரு வீடு வந்து சேர்ந்தது. கணவருக்கு மன்னார்குடிப் பக்கம். மனைவி மருத்துவமனையில் நர்ஸ். அவருடன் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி, தன் பழைய சின்ன கேரவனைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். அடுத்த கோடையில் ஊரிலிருந்து கணவரின் அப்பாவும் அம்மாவும் மூன்று மாதம் தங்க வருகிறார்கள். அப்பாவுக்கு 74 வயது. “இன்னொரு தடவை இவ்வளவு தூரம் பிளேன் ஏறுவேனான்னு தெரியலடா தம்பி” என்று போனில் சொல்லியிருந்தார். அவர்களைக் கடலோரமாக ஊர் ஊராக அழைத்துப் போய்க் காட்டிவிட வேண்டும் என்பது மகனின் ஆசை.

கேரவன் இருக்கிறது. இழுக்க வண்டி இல்லை. கையில் இருந்தது 30,000 டாலர். வீட்டுக் கடனைச் சீக்கிரம் அடைக்கலாம் என்று ஆறு வருடமாகச் சேர்த்த பணம் அது.

உருவம் வேறு, இழுவை வேறு

ஏற்கெனவே வீட்டில் இருந்த காரும் எஸ்.யூ.வி மாதிரித்தான் இருந்தது. அதிலேயே கேரவனை மாட்டிவிடலாமே என்றுதான் கணவர் முதலில் நினைத்தார். கார் உரிமையாளர் கையேட்டைப் பிரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. எஸ்.யூ.வி என்பது பெரும்பாலும் உருவத்துக்கு வைத்த பெயர். எவ்வளவு இழுக்கும் என்பதை அது சொல்லாது.

உதாரணத்துக்கு, 2019-ல் ஆஸ்திரேலியாவுக்கு வந்த டொயோட்டா ரவ்4 தலைமுறையை எடுத்துக்கொள்ளலாம். அதன் ஹைபிரிட் வகையில் நான்கு சக்கரமும் இயங்கும் மாடல், பிரேக் உள்ள டிரெய்லரை 1,500 கிலோ வரை இழுக்கலாம். இரண்டு சக்கரம் மட்டும் இயங்கும் மாடலுக்கு அனுமதி 480 கிலோதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே நிற்கும்.

டிரெய்லருக்கும் விதி உண்டு. 750 கிலோ வரை தனி பிரேக் தேவையில்லை. அதற்கு மேல் 2,000 கிலோ வரை குறைந்தது ஓர் அச்சின் சக்கரங்களிலாவது பிரேக் இருக்க வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். வண்டியிலிருந்து கழன்றுவிட்டால் தானாகப் பிடித்து நிறுத்தும் ஏற்பாடும் வேண்டும்.

இவர்களது கேரவன் காலியாக 1,250 கிலோ. சாமான் எல்லாம் ஏற்றினாலும் 1,600 கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதன் தகட்டில் அடித்திருந்தது. ஆக, பழைய காரின் கதை அங்கேயே முடிந்தது.

பெரிய வண்டி மோகம்

கணவர் அடுத்த இரண்டு மாதம் விளம்பரங்களிலேயே குடியிருந்தார். மிட்சுபிஷி பஜேரோ ஸ்போர்ட் 3,100 கிலோ இழுக்கும். 2021-ல் வந்த புதிய இசுஸு எம்.யூ.எக்ஸ் 3,500 கிலோ, அதற்கு முந்தையது 3,000 கிலோ. லாரிபோலத் தனிச் சட்டத்தின் மேல் உடலைப் பொருத்திய முரட்டு டீசல் வண்டிகள் இவை. “வாங்குறதை ஒரே தடவை பெருசா வாங்கிடுவோம்” என்றார்.

மனைவி சமையலறையில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். கேரவனை இழுக்கப் போகும் நாட்களை எண்ணச் சொன்னார். பள்ளி விடுமுறை, இரண்டு பேருக்கும் சேர்ந்து கிடைக்கும் லீவு, எல்லாம் கூட்டினாலும் வருடத்துக்கு 20 நாள் தேறவில்லை.

“மிச்ச 345 நாள் இந்த வண்டி என்ன செய்யும்? ஸ்கூலு, ஸ்டேஷன், என் நைட் டூட்டி, கடை. அதுக்கும் சேர்த்துப் பாருங்க” என்றார்.

அந்தக் கேள்வி டீசலையும் யோசிக்க வைத்தது. இன்றைய டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துச் சுத்தமாக்க, வண்டி கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் சூடாக ஓட வேண்டும். மூன்று கிலோமீட்டர் பள்ளிக்கு, நான்கு கிலோமீட்டர் கடைக்கு என்றே ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். மாற்ற வேண்டி வந்தால் செலவு ஆயிரக்கணக்கில் போகும். வாரா வாரம் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு டீசல் நல்ல துணை. இவர்களுக்கு அப்படி ஓட்டம் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. மாமியாருக்கு முழங்கால் வலி. உயரமான வண்டியில் ஒவ்வொரு தடவையும் அவரைக் கைகொடுத்து ஏற்ற வேண்டும். ஒரு டீலரின் வாசலில் மனைவியே ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினார்.

பெரிய எண்ணுக்குள் இருக்கும் சின்ன எழுத்து

இழுவைத் திறன் என்று விளம்பரத்தில் போடும் எண் தனியாக நிற்பதில்லை. வண்டி, அதில் ஏறும் ஆட்கள், சாமான் எல்லாம் சேர்ந்து எவ்வளவு எடை இருக்கலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதை ஜி.வி.எம் என்பார்கள். வண்டியும் கேரவனும் சேர்ந்த மொத்தத்துக்கு இன்னொரு வரம்பு, ஜி.சி.எம். ஜி.வி.எம் 2,800, இழுவை 3,100 என்று ஒரு வண்டி இருந்தால் இரண்டும் கூடி 5,900. ஆனால் அதன் ஜி.சி.எம் 5,500 என்று இருக்கலாம். அப்படியானால் வண்டியை நிரப்பிக்கொண்டு கேரவனையும் முழு எடையில் இழுக்க முடியாது. ஏதாவது ஒன்றில் 400 கிலோ குறைத்தாக வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது இன்னொரு இடத்தில். கேரவனின் முன்பகுதி, காரின் பின்னால் உள்ள இரும்புக் குண்டின் மேல் அமர்கிறது. அங்கே அழுத்தும் எடை காரின் சுமைக் கணக்கில்தான் சேரும். கேரவன் எடையில் சுமார் 10 சதவிகிதம் அங்கே இருப்பது வழக்கம்.

மனைவி ஒரு பழைய ரோஸ்டர் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். ஏழு பேர் அமரும் நடுத்தர எஸ்.யூ.வி ஒன்று. ஜி.வி.எம் 2,700 கிலோ, வண்டி மட்டும் 2,050. மிச்சம் 650 கிலோ. பெரியவர்கள் நான்கு பேர், பிள்ளைகள் இரண்டு பேர், குழந்தை இருக்கை, எல்லாம் 325. இழுவைக் கம்பி 30. குண்டின் மேல் அழுத்தும் எடை 160. கூட்டினால் 515. பெட்டி, பை, ஐஸ் பெட்டிக்கு மீதி 135 கிலோ.

“போதும். இடிக்குது, ஆனா போதும்” என்றார்.

யார் எங்கே உட்காருவது?

ஆறு பேர் என்பதால் ஏழு சீட் வண்டிதான் தீர்வு. அதிலும் ஒரு சிக்கல். மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் டிக்கியில் இடமே இருக்காது. சின்னவனுக்கு ஐந்து வயது. ஏழு வயது ஆகும்வரை குழந்தைகளுக்கான தனி இருக்கை அங்கே சட்டப்படி கட்டாயம். அந்த இருக்கையின் மேல்பட்டையை மாட்டும் கொக்கி பல வண்டிகளில் இரண்டாம் வரிசையில் மட்டுமே இருக்கிறது.

எனவே குழந்தை இருக்கையைக் காரோடு எடுத்துப் போய், மாட்டிப் பார்த்துத்தான் ஒவ்வொரு வண்டியையும் பார்த்தார்கள். கால் நீட்ட வசதியாக மாமா முன்னால். இரண்டாம் வரிசையில் அத்தை, சின்னவன், மனைவி. பின்வரிசையில் எட்டு வயதுப் பெண் மட்டும். பின் இருக்கை இரண்டாகப் பிரிந்து மடியும் வண்டி என்றால், பாதி டிக்கி மிஞ்சும். அகலம் குறைவான இரண்டு மாடல்கள் இந்தச் சோதனையிலேயே தோற்றன.

கடைசியில் 2,000 கிலோ இழுக்கும் பெட்ரோல் ஏழு சீட்டர்கள் பட்டியலில் நின்றன. டொயோட்டா க்ளூகர், மஸ்டா சி.எக்ஸ்-9 போன்றவை அந்த வரிசை. கேரவனை இழுக்கும்போது பெட்ரோல் தண்ணீராகச் செலவாகும். வருடத்துக்கு 20 நாள்தானே என்று அதை ஏற்றுக்கொண்டார்கள். உச்சவரம்பு 2,000 கிலோ, இழுக்கப் போவது 1,600-க்குள். அந்த இடைவெளி மலைப்பாதைக்குத் தேவை.

விற்கிறவர் சொன்னதும் வண்டி சொன்னதும்

பார்த்த முதல் வண்டியில் விலை அருமை. வி.ஐ.என் எண்ணை வைத்து, பி.பி.எஸ்.ஆர் என்ற அரசுப் பதிவேட்டில் 2 டாலர் கட்டிப் பார்த்தார்கள். வண்டியின் பேரில் கடன் நிலுவை இருந்தது. தெரியாமல் வாங்கியிருந்தால், கடன் கொடுத்தவர் வண்டியையே தூக்கிப் போயிருக்கலாம்.

இரண்டாவது வண்டிக்காரர், “இதுல எதையுமே இழுத்ததில்லை” என்று சிரித்தார். பின்னால் குண்டின் மேல் பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தது. கியர் ஆயில் கருத்து, தீய்ந்த வாடை அடித்தது. பாரம் இழுத்துச் சூடான கியர் பெட்டியின் அடையாளம் அது. மறுபேச்சு இல்லாமல் திரும்பினார்கள்.

மூன்றாவது வண்டி ஓர் ஆசிரியர் குடும்பத்துடையது. சர்வீஸ் புத்தகம் பக்கம் விடாமல் நிரம்பியிருந்தது. மெக்கானிக் ஒருவருக்குப் பணம் கொடுத்து, லிஃப்டில் ஏற்றிப் பார்த்தார்கள். விலை 25,800 டாலர். நியூ சவுத் வேல்ஸில் அந்த விலைக்கு 3 சதவிகிதம் முத்திரைத் தீர்வை, 774 டாலர். இழுவைக் கம்பி, கேரவன் பிரேக்கை இயக்கும் கருவி, இரண்டு டயர், இன்ஷூரன்ஸ் எல்லாம் போக, 30,000-ல் சில நூறு டாலர் மிஞ்சியது.

மாமா போட்ட கணக்கு

ஊரிலிருந்து வந்த பெரியவருக்குக் கேரவனைப் பார்த்ததும் குஷி. “நாங்க ரெண்டு பேரும் இதுல படுத்துக்கிட்டே வந்துடறோமே” என்றார். ஓடும்போது உள்ளே ஆள் இருக்கச் சட்டம் அனுமதிக்காது என்று மகன் சொன்னதும், “அப்ப வீடுன்னு ஏண்டா சொல்ற?” என்று கேட்டார்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு சாமான் ஏற்றினார்கள். சமையல் மேடை பின்பக்கம் இருந்ததால் அரிசி, பாத்திரம், தண்ணீர் கேன், மாவாட்டும் கிரைண்டர் எல்லாம் பின்னாலேயே போயின. முன்பக்க எடையைப் பார்க்கச் சின்னத் தராசு ஒன்றை வைத்தார் மகன். 70 கிலோதான் காட்டியது. நல்லதுதானே, காருக்குச் சுமை குறைவு என்று தோன்றியது.

பெரியவர் கேரவனைச் சுற்றி வந்தார். முன்பக்கக் கைப்பிடியைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்கினார். சுலபமாக எழும்பியது.

“பின்பாரம்டா இது. பின்பாரம் ஏறிச்சுன்னா நுகத்தடி மேல தூக்கும், மாட்டுக்குக் கழுத்து இறுக்கும். வண்டி ஒரு நிலையில நிக்காது. முன்பாரம் ஜாஸ்தியானா கழுத்தை அமுக்கிப்புடும். நெல்லு மூட்டையை அச்சுக்கு மேல அடுக்கி, கொஞ்சூண்டு முன்னாடி சாய்ச்சு விடணும்” என்றார். மில்லுக்கு மாட்டு வண்டியில் நெல் ஏற்றிப் போன காலத்துக் கணக்கு.

கேரவன் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லித் தரும் பாடமும் இதேதான். முன்பக்கம் எடை குறைந்தால், வேகத்தில் கேரவன் வால்போல ஆடத் தொடங்கும். ஆட்டம் பெரிதானால் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். மாமாவின் மேற்பார்வையில் கனமானதெல்லாம் சக்கரத்துக்கு மேலேயும் சற்று முன்னாலும் நகர்ந்தன. 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பாமல் விட்டார்கள். போகிற இடத்தில் குழாய் இருக்கிறது, 80 கிலோ மிச்சம். கிரைண்டரை இறக்கச் சொன்னார் மகன். அத்தை விடவில்லை. அது 11 கிலோதான் என்று மருமகளும் சேர்ந்துகொண்டார்.

மறுநாள் எடை மேடையில் கேரவன் 1,500 கிலோ காட்டியது. வீட்டுத் தராசில் முன்பாரம் 150.

முதல் பயணம் தெற்கே கியாமாவுக்கு, சுமார் 120 கிலோமீட்டர். வழியில் ஹெலன்ஸ்பர்க் வேங்கடேஸ்வரர் கோயிலில் இறங்கிக் கும்பிட்டார்கள். அதற்கப்புறம்தான் மவுன்ட் ஊஸ்லி இறக்கம். வொலங்காங்கை நோக்கி நீளமாக, செங்குத்தாக இறங்கும் சாலை. பக்கத்தில் கனரக லாரிகள். மகன் மேலேயே வேகத்தைக் குறைத்து, கியரையும் குறைத்து, லாரிகளுக்குப் பின்னால் மெதுவாக வந்தார். கேரவன் இம்மியும் ஆடவில்லை. பின்வரிசையில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். கீழே வந்து சேரும்வரை யாரும் பேசவில்லை.

மூன்று மாதம் முடிந்து பெரியவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். கேரவன் வீட்டு வாசலோரம் உறை போர்த்தி நிற்கிறது. வண்டி தினமும் பள்ளிக்கும் ஸ்டேஷனுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. மன்னார்குடிப் பக்கத்து டீக்கடையில் பெரியவர் இந்தக் கதையை இப்போதும் சொல்கிறாராம். “பையன் அங்க வீட்டையே வண்டியில கட்டி இழுக்கிறான்யா. எல்லாம் அவன் பொண்டாட்டி கணக்குப் போட்டு வாங்குனது. முன்பாரம் மட்டும் நான் பார்த்துக் குடுத்தேன்.”