கரி பிடித்த வேன்

எங்கப்பா ஆம்னி வேன் ஓட்டுகிறார். உங்களில் எட்டுப் பேர் அதில்தான் பள்ளிக்கு வருகிறீர்கள். போன மாதம் காளவாசல் சிக்னலில் நின்றால் போதும், என்ஜின் உதறி அணைந்துவிடும். பின்னாடி ஒரே ஹாரன் சத்தம். (2020-இல் மேலே பாலம் வந்தும், தேனி ரோட்டுக்குத் திரும்ப கீழேதான் நிற்கணும்!) இரண்டு வீட்டில் பிள்ளைகளை ஆட்டோவுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு ஒர்க்‌ஷாப்பில் பார்ட்ஸே மாத்தணும் என்றார்கள். அப்பாவிடம் ஏது அவ்வளவு பணம்?

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் மாமா வந்தார். ஆம்னியில் முன் சீட்டைத் தூக்கினால் அடியில்தான் என்ஜின். பேட்டரி வயரைக் கழற்றி, காற்றுக் குழாயை எடுத்தோம். உள்ளே ஒரு வட்டத் தகடு. அதுதான் த்ராட்டில். ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும். காலை எடுத்தால் மூடிக்கொள்ளும். அப்போது ஓரத்து இடுக்கிலும் பக்கத்துச் சிறு துளையிலும்தான் காற்று போகும். அங்கே கரி அடைத்தால் என்ஜினுக்கு மூச்சு முட்டும்.

"மாப்ள, என்ஜின் விடுற எண்ணெய்ப் புகைதான் இப்படிப் படியுது" என்றார் மாமா. க்ளீனர் அடித்து, துணியாலும் பழைய பிரஷ்ஷாலும் நானே தேய்த்தேன். அது அம்மாவின் பல் பிரஷ்ஷாம், திட்டு விழுந்தது!

திங்கள் காலை அதே சிக்னல். பச்சை விழும்வரை என்ஜின் அணையவே இல்லை. அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நல்லா கை கழுவுனியாடா?" என்றார்.